தங்கவயலுக்கு வந்த மின்சாரமும் விற்பனை வார்ப்புருவும்

புது வாடிக்கையாளர் ஒருவர் வந்து சேரும்போது ஒரு நிறுவனத்தில் நடக்கும் வேலைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. விசாரணை வருகிறது. தேவை என்னவென்று கேட்டறிகிறார்கள். விலை பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். பிறகு விற்பனைக்குழு விலகிக்கொள்ள, இன்னொரு குழு பொருளை நிறுவி, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, வாடிக்கையாளரைத் தன் காலில் நிற்கவைக்கிறது. இந்த வரிசையை ஒருமுறை எழுதிவைத்து, அடுத்து வருபவருக்கும் எடுத்தாளும்படி அமைத்தால் அது செயல்முறை வார்ப்புரு. அலுவலகங்களில் 'டெம்ப்ளேட்' என்றே சொல்வார்கள். என்னென்ன படிகள், ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, அதைத் தொடங்க எந்தத் தகவல் கையில் இருக்கவேண்டும், அது முடிந்ததற்கு அடையாளம் என்ன என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். பெரும்பாலும் விடுபட்டுப்போவது கடைசியாகச் சொன்னதுதான். 'வாடிக்கையாளரிடம் பேசியாயிற்று' என்பது அடையாளம் ஆகாது. 'மாதம் எவ்வளவு தேவை என்று எழுதி வாங்கியாயிற்று' என்பது அடையாளம்.

இதெல்லாம் மென்பொருள் நிறுவனங்கள் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. படிப்படியாகப் பிரித்துப் பார்க்கத்தக்க பெரிய விற்பனை ஒன்று நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே கோலார் தங்கவயலில் நடந்திருக்கிறது. விற்றது மைசூர் சமஸ்தானம், வாங்கியவை தங்கச் சுரங்கங்கள், சரக்கு மின்சாரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று தனித்தனி கம்பெனிகள் சுரங்கம் நடத்தின. ஆனால் இவற்றை நிர்வகித்தது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒரே நிறுவனம். பாறையை உடைக்கவும், தண்ணீரை இறைக்கவும், ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கவும் நீராவி எந்திரங்கள் ஓடின. அவற்றுக்கு விறகும், தொலைவிலிருந்து ரயிலில் வரும் நிலக்கரியும் வேண்டும். சுரங்கம் ஆழமாக ஆழமாக எரிபொருள் செலவும் ஏறிக்கொண்டே போனது. இந்த நிலையில்தான் மைசூர் அரசின் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர், காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்ற திட்டத்தை முன்வைத்தார். திவான் சேஷாத்ரி ஐயர் அதற்கு ஆதரவாக நின்றார்.

விற்பனை வார்ப்புருவின் முதல் படியான வாடிக்கையாளரைத் தேர்ந்தறிதல் இங்கே கச்சிதமாக நடந்தது. தேவை இருக்கிறதா? எரிபொருள் செலவே சாட்சி. பணம் இருக்கிறதா? தங்கம் எடுக்கும் கம்பெனிகள். முடிவெடுப்பவர் யார்? பல கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒரே நிர்வாகம். இந்த மூன்று கேள்விக்கும் விடை இல்லாமல் விலைப்பட்டியலை நீட்டுவது வீண் என்று இன்றைய பயிற்சிப் புத்தகங்கள் சொல்கின்றன. மைசூர் அரசு மின்நிலையத்தைக் கட்டிவிட்டு வாங்க ஆள் தேடவில்லை. வாங்குபவரை உறுதிசெய்துகொண்ட பிறகே பணத்தை இறக்கியது. எவ்வளவு குதிரைத்திறன், எத்தனை ஆண்டு, குதிரைத்திறனுக்கு ஆண்டொன்றுக்கு என்ன விலை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வந்தன. தொடக்கத்தில் உயர்ந்திருக்கும் விலை பின்னாளில் படிப்படியாகக் குறையும் என்பதும் அதில் அடக்கம்.

அடுத்தது நிறைவேற்றும் வேலை. மின்கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திடமும் வாங்கப்பட்டன. சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயல்வரை 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர், கம்பி இழுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. 1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர் சேர்ப்பில் கவனிக்கவேண்டிய அளவு இதுதான்: கையெழுத்தான நாளிலிருந்து வாடிக்கையாளர் முதன்முதலாகப் பயன்பெறும் நாள்வரை எவ்வளவு காலம் ஆனது? கையெழுத்தோடு கணக்கை மூடிவிடும் நிறுவனங்களுக்கு இந்த எண் தெரிவதே இல்லை.

விற்பவருக்கும் நிறைவேற்றுபவருக்கும் இடையிலான இடைவெளியும் இதே கதையில் இருக்கிறது. சுரங்கத்துக்கு ஆண்டு முழுவதும் சீரான மின்சாரம் வேண்டும். பம்பு நின்றால் கீழே தண்ணீர் ஏறிவிடும். காவிரியோ கோடையில் மெலிந்துபோகும் ஆறு. தேவை கூடக்கூட இந்த முரண் முற்றியது. 1911இல் கண்ணம்பாடியில் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் பாசனம் மட்டும் காரணமன்று. சிவசமுத்திரத்துக்கு எல்லாப் பருவத்திலும் நீர் கிடைக்கச் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று. காவிரி வழக்கின் வழியாகத் தமிழர்களுக்கு அந்த அணை நன்றாகவே பரிச்சயம். அதன் பின்னணியில் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. எல்லா நிறுவனங்களாலும் அணை கட்டமுடியாது. அதனால்தான் நல்ல வார்ப்புருவில் ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு படி இருக்கிறது: 'கொடுக்கப்போகும் வாக்கை நிறைவேற்றமுடியும் என்று நிறுவும் குழு ஒப்புக்கொண்டதா?' ஒப்பந்தம் ஆனபின் ஒரே பக்கத்தில் ஒப்படைப்புத் தாள் ஒன்றும் வேண்டும். தருவதாகச் சொன்ன தேதி, வாய்மொழியாகக் கொடுத்த சலுகை, வாடிக்கையாளர் தரப்பில் யாரைக் கேட்டால் பதில் வரும் என்ற மூன்றும் அதில் இருந்தால் பாதித் தலைவலி தீரும்.

ஒரு வார்ப்புரு எப்போது பிறக்கிறது? முதல் வாடிக்கையாளரிடம் பிறப்பதில்லை. எது எல்லோருக்கும் பொது, எது அந்த ஒருவருக்கு மட்டும் உரியது என்று அப்போது தெரியாது. இரண்டாவது, மூன்றாவது ஆள் வரும்போதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 1905இல் பெங்களூருக்கும் 1908இல் மைசூருக்கும் சிவசமுத்திர மின்சாரம் போனது. ஆற்றிலிருந்து கம்பிவரை உள்ள வேலை பழைய வேலைதான். ஆனால் தங்கவயலில் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரே நிர்வாகம். நகரத்தில் தெருவிளக்கும் வீடுகளும் கடைகளும். குதிரைத்திறனுக்கு ஆண்டுக் கட்டணம் பேசும் ஒப்பந்தத்தை நாலு விளக்கு எரியும் வீட்டுக்காரரிடம் நீட்டமுடியாது. பொதுப்படிகளை ஒரே தண்டாக வைத்துக்கொண்டு, பெரிய வாடிக்கையாளர், சிறிய வாடிக்கையாளர் என்று கிளை பிரிப்பதே வழி. எல்லாருக்கும் பொருந்தவேண்டும் என்று நாற்பது படிகளை ஒரே தாளில் திணித்தால் யாரும் அதைப் பின்பற்றமாட்டார்கள். டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எனவே வார்ப்புருவை உட்கார்ந்து கற்பனை செய்யக்கூடாது. முடிந்துபோன நாலைந்து விற்பனைகளின் கோப்புகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எல்லாவற்றிலும் இருப்பது படி. ஆளுக்கு ஆள் மாறுவது நிரப்பவேண்டிய கட்டம். சிலவற்றில் மட்டும் வருவது நிபந்தனைக் கிளை. எங்கெல்லாம் வேலை நின்றதோ அங்கெல்லாம் ஒரு கேள்வி எழுதப்பட வேண்டும். அந்தக் கேள்வியை எவ்வளவு முன்னால் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு முன்னால் வைக்கவேண்டும். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் முதலில் தேவையில்லை. நகல் எடுத்து நிரப்பக்கூடிய ஓர் எக்செல் தாள் போதும்.

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தும் சிறு நிறுவனங்களை எடுத்துக்கொள்ளலாம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் வீடுகளுக்கு 78,000 ரூபாய்வரை மானியம் உண்டு. படிகள் நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றே: இணையதளத்தில் விண்ணப்பம், மின்வாரியத்தின் ஒப்புதல், நிறுவுதல், நெட் மீட்டர், சோதனை, வங்கிக் கணக்கில் மானியம். ஆனால் ஊருக்கேற்ற கேள்வி வேறு. தங்கவயலில் ஏராளமான குடும்பங்கள் சுரங்கக் குடியிருப்புகளிலேயே இன்னும் வாழ்கின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று, அந்தச் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்ட பின்னும் அந்த வீடுகளின் உரிமைச் சிக்கல் தொடர்ந்தது. வேறு ஊரில் ஐந்தாவதாகக் கேட்கத்தக்க 'வீடு யார் பெயரில் இருக்கிறது?' என்ற கேள்வியை இங்கே முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கூரை தகரமா, ஓடா, கான்கிரீட்டா என்பது அடுத்தது.

பெரிய எந்திரங்களை விற்பவர்களிடம் நிலைமை தலைகீழ். 1964இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்.லுக்குத் தங்கவயலில் பெரிய ஆலை உண்டு; புல்டோசர், எக்ஸ்கவேட்டர் போன்றவை இங்கே தயாராகின்றன. இத்தகைய விற்பனையில் வாங்குபவரே டெண்டர் வழியாகப் படிகளை வகுத்துவிடுகிறார். விற்பவரின் வார்ப்புரு அதற்குப் பிந்திய பகுதியில்தான் உயிர்பெறுகிறது: எந்திரத்தைக் களத்துக்குக் கொண்டுசேர்த்தல், ஓட்டிக்காட்டி ஒப்புதல் வாங்குதல், ஓட்டுநர்களுக்குப் பயிற்சி, உதிரிபாகம், உத்தரவாதக் காலம்.

புதியவரைச் சேர்க்கும் படிவத்தில் என்ன கேட்கிறோம் என்பதும் அற்ப விஷயமல்ல. 1930இல் தங்கவயல் நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதியும் முறையைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்தது. நிர்வாகத்துக்கு அது ஒரு பதிவேடு. தொழிலாளிக்கோ குற்றவாளியை நடத்தும் விதம். வாடிக்கையாளர் வேலைநிறுத்தம் செய்யமாட்டார். படிவத்தைப் பாதியில் மூடிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே 'இந்தத் தகவல் எந்தப் படியில் பயன்படுகிறது?' என்று எழுதிப்பார்த்தால் பல கட்டங்கள் தாமே உதிர்ந்துவிடும்.

வார்ப்புருவுக்கு ஓர் உரிமையாளர், அதாவது அதை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவர், வேண்டும். எல்லாரும் திருத்தலாம் என்றால் மூன்று மாதத்தில் ஐந்து பிரதிகள் உலவும். திருத்திய தேதியும் காரணமும் தாளின் தலையிலேயே இருப்பது நல்லது. பாதி வழியில் இருக்கும் வாடிக்கையாளரைப் பழைய பதிப்பிலேயே முடித்துவிட்டு, புதிதாக வருபவருக்குப் புதிய பதிப்பைத் தொடங்குவதே வழக்கம். தொடக்கத்தில் எடுத்த சில முடிவுகள் பின்னால் எளிதில் மாறாது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். சிவசமுத்திர மின்சாரம் விநாடிக்கு 25 சுழற்சி என்ற அளவில் தொடங்கியது. பின்னாளில் நாட்டின் பொது அளவாக நிலைத்தது 50. இருபத்தைந்துக்கென்று செய்த மோட்டாரை ஐம்பதில் அப்படியே ஓட்டமுடியாது. விலையைக் கணக்கிடும் அலகு, வாடிக்கையாளர் எண்ணின் அமைப்பு, எந்தத் தேதியிலிருந்து கட்டணம் ஓடும் என்பவை இந்த வகையைச் சேர்ந்தவை. மின்னஞ்சலின் வாசகத்தையும் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். விலையின் அலகு போன்றவற்றையோ முதல் வாடிக்கையாளர் கையெழுத்திடும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.