இறாலுக்கு வழிவிட்ட பல்கலைக்கழகம்

கலிஃபோர்னியாவின் சான் வோக்கீன் பள்ளத்தாக்கில் மெர்செட் என்றொரு ஊர். பாதாம், தக்காளி, திராட்சை என்று சுற்றிலும் விவசாயம்தான். ஊருக்கு வடகிழக்கே மேடும் பள்ளமுமாகப் புல்வெளி கிடக்கிறது. கோடையில் அங்கே காய்ந்த புல்லையும் வெடிப்பு விட்ட மண்ணையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஆனால் அந்தப் பள்ளங்களின் மண்ணுக்குள் கடுகைவிடச் சிறிய முட்டைகள் படுத்திருக்கின்றன. அடுத்த மழைக்காகச் சில மாதங்கள் காத்திருக்கும். மழை பொய்த்தால் வருடக்கணக்கிலும் காத்திருக்கும்.

அந்த மண்ணுக்கு அடியில், தண்ணீரைக் கீழே விடாத கெட்டியான ஓர் அடுக்கு இருக்கிறது. குளிர்கால மழை பெய்ததும் பள்ளங்கள் குட்டைகளாகின்றன. வடிய வழியில்லாததால் தண்ணீர் சில வாரங்கள் தேங்கி நிற்கிறது. அந்த நாட்களில் முட்டைகள் பொரிந்து தேவதை இறால்கள் வெளிவருகின்றன. கிட்டத்தட்ட ஓர் அங்குல நீளம், கண்ணாடி போன்ற உடல், பதினோரு ஜோடிக் கால்கள். மல்லாந்துதான் நீந்தும். வசந்தத்தில் குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடித்துவிட வேண்டும். தண்ணீர் பின்வாங்க வாங்க, குட்டையின் விளிம்பில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கள் வளையம் வளையமாக மலரும். பிறகு மறுபடியும் வெடித்த மண்.

முட்டை என்று நான் சொல்வது உண்மையில் பாதி வளர்ந்த கரு. வளர்ச்சியை நடுவில் நிறுத்திவிட்டு, தடித்த ஓட்டுக்குள் உலர்ந்துபோய்க் கிடக்கிறது. இதன் உறவான உப்புநீர் இனம், நம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் ஆர்ட்டீமியா என்று டப்பாவில் வாங்கித் தண்ணீரில் கொட்டப்படுகிறதே, அதுதான். ஆர்ட்டீமியாவை ஆராய்ந்தவர்கள் இந்தத் தூக்கத்தின் சூட்சுமத்தைக் கண்டிருக்கிறார்கள். செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறும்போது டிரெஹலோஸ் என்ற சர்க்கரை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, புரதங்களும் சவ்வுகளும் குலையாமல் தாங்குகிறது.

இந்தத் தேவதை இறால்தான் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் எங்கே எழும்ப வேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் என்பது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் என்று பல வளாகங்களைக் கொண்ட ஓர் அரசு அமைப்பு. 1965இல் இர்வைனும் சாண்டா குரூஸும் திறக்கப்பட்ட பிறகு புதிய வளாகம் எதுவும் வரவில்லை. பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் அப்படியொரு வளாகம் இருந்ததே இல்லை. 1995இல் மெர்செட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அந்தக் குட்டைகளின் இறால் இனங்கள் சிலவற்றை அமெரிக்க அரசு அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. மாநிலத்தின் குட்டைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே உழவுக்கும் வீட்டுமனைகளுக்கும் போய்விட்டிருந்தது. மிச்சமிருந்தவற்றில் செழிப்பான தொகுதி ஒன்று, பல்கலைக்கழகம் கேட்ட நிலத்திலேயே இருந்தது.

வருடக்கணக்கில் இழுபறி. கடைசியில் பக்கத்திலிருந்த ஒரு கோல்ஃப் மைதானம் கைகொடுத்தது. அங்கே ஏற்கெனவே மண்ணைப் புரட்டிப் புல் வளர்த்திருந்ததால் கெடுப்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. 2002இல் அடிக்கல் நாட்டினார்கள். மாநில பட்ஜெட் நெருக்கடியால் திறப்பு விழா ஒரு வருடம் தள்ளிப்போனது. 2005 செப்டம்பரில் 875 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கியபோது அறிவியல் கட்டடம் முடிந்திருக்கவில்லை. நூலகக் கட்டடத்திலேயே பாடம் நடந்தது. 2009இல் முதல் முழுத் தொகுதி பட்டம் பெறும் சமயம் மாணவர்கள் மிஷேல் ஒபாமாவுக்கு நூற்றுக்கணக்கில் காதலர் தின அட்டைகளை அனுப்பி அழைத்தார்கள். வெள்ளை மாளிகைக்கு வந்து சில மாதங்களே ஆன அவர் கிளம்பி வந்து பட்டமளிப்பு விழாவில் பேசினார். இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை.

அடுத்து வந்தது இட நெருக்கடி. விண்ணப்பங்கள் கூடின, கட்டடங்கள் போதவில்லை, அரசிடம் மொத்தமாகக் கொடுக்கப் பணம் இல்லை. 2016இல் எடுத்த முடிவு அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிது. சுமார் 130 கோடி டாலர் திட்டத்தை, வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து, ஒரே தனியார் கூட்டமைப்பிடம் 39 வருட ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். செலவில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் கடன் பத்திரங்கள் வழியே திரட்டியது. ஒரு பகுதியைத் தனியார் போட்டார்கள். 2020க்குள் சுமார் 12 லட்சம் சதுர அடி எழுந்து, வளாகம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

இதில் கவனிக்க வேண்டியது தவணை கட்டும் முறை. கட்டடம் நிற்கிறது என்பதற்காகப் பணம் தருவதில்லை. பயன்படுத்தும் நிலையில் இருக்கிறது என்பதற்காகத் தருகிறார்கள். ஆய்வகத்தில் காற்றோட்டம் நின்றாலோ வகுப்பறை பழுதாகிக் கிடந்தாலோ தவணையில் பிடித்தம். ஆகவே மட்டமான குழாயைப் போட்டுவிட்டு நழுவ ஒப்பந்ததாரருக்கு வழியில்லை. பத்து வருடம் கழித்து அதே குழாயை மாற்றப்போகிறவரும் அவர்தான். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர் எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் தவணை இறங்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அன்றாடச் செலவைக் குறைக்க இந்த வளாகம் ஆரம்பத்திலேயே செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. மெர்செட்டின் கோடை வெயில் நம் வேலூருக்குச் சளைத்ததல்ல. பகல் முழுக்கக் குளிர்சாதனம் ஓடினால் மின்கட்டணம் எகிறிவிடும். அதனால் சுமார் 75 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒரு பெரிய தொட்டியைக் கட்டினார்கள். வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் இரவில் இயந்திரங்களை ஓட்டித் தொட்டித் தண்ணீரைக் குளிரவைப்பார்கள். பகலில் அந்தத் தண்ணீர் குழாய் வழியே கட்டடங்களைச் சுற்றி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்.

திரும்பி வரும் வெதுவெதுப்பான தண்ணீர் அதே தொட்டிக்குள்தானே விழும், எல்லாம் கலந்துவிடாதா? கலக்காது. தண்ணீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏற லேசாகிவிடும். குளிர்ந்தது அடியில் தங்க, வெதுவெதுப்பானது மேலே மிதக்கும். நடுவே மெல்லிய எல்லை. அதைக் கலைக்காதபடி தண்ணீரை மெதுவாக, பரவலாக உள்ளே விடுவதில்தான் பொறியாளரின் கைத்திறன் இருக்கிறது. பகலில் எல்லை கீழே இறங்கும். இரவில் மேலே ஏறும்.

கட்டடம் ஆயிற்று, படிப்பும் ஆராய்ச்சியும்? அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களை வகை பிரிக்கும் கார்னகி வகைப்பாடு உண்டு. அதில் உச்சப் படியான 'ஆர்1'இல் ஏற, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஆராய்ச்சிக்கு 5 கோடி டாலராவது செலவிட வேண்டும். 70 ஆய்வு முனைவர் பட்டங்களாவது வழங்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மெர்செட் அந்தப் படியில் ஏறியது. திறந்து இருபது வருடம்கூட ஆகவில்லை.

இவ்வளவு வேகமாக ஏற, பெரிய வளாகங்கள் செய்வதையே சின்னதாகச் செய்தால் போதாது. தன் காலடியில் கிடந்த கேள்விகளை எடுத்துக்கொண்டதுதான் இதன் சாமர்த்தியம் என்று நினைக்கிறேன். தடையாக நின்ற குட்டைகளும் புல்வெளியுமாக 6,500 ஏக்கர், 2014இல் பல்கலைக்கழகத்தின் இயற்கைக் காப்பகமானது. வகுப்பறையிலிருந்து நடந்தே களத்துக்குப் போய்விடலாம். கிழக்கே தெரியும் சியரா நெவாடா மலையின் பனிதான் பள்ளத்தாக்கின் பாசனத்துக்குப் பெரிய ஆதாரம். பனியின் ஆழம், மண்ணின் ஈரம், மரங்கள் குடிக்கும் நீர் ஆகியவற்றை அளக்கும் கருவிகளை மலைச்சரிவுகளில் பதித்து வரவு செலவு பார்க்கிறார்கள். இங்கே மண்ணை ஆராய்ந்த அஸ்மரெட் அசெஃபா பெர்ஹே, 2022இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகத்துக்கே தலைவரானார்.

எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது கால்வாய் ஆய்வு. குஜராத்தில் 2012இல் நர்மதைக் கால்வாய் ஒன்றின் மேல் சூரியத் தகடுகளைக் கூரையாகப் போட்டது நினைவிருக்கலாம். அதைக் கலிஃபோர்னியாவில் செய்தால் என்ன கிடைக்கும் என்று 2021இல் மெர்செட் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். மாநிலத்தின் 6,400 கிலோமீட்டர் கால்வாயையும் மூடினால் ஆண்டுக்குச் சுமார் 24,000 கோடி லிட்டர் தண்ணீர் ஆவியாகாமல் மிஞ்சும். 13 கிகாவாட் மின்திறனும் கிடைக்கும். கீழே தண்ணீர் ஓடுவதால் தகடு அவ்வளவாகச் சூடேறாது, மின்சாரம் கொஞ்சம் கூடும். நிழல் விழுவதால் கால்வாயில் பாசியும் களையும் குறையும். மாநில அரசு 2 கோடி டாலர் ஒதுக்கியது. டர்லாக் பாசன மாவட்டத்தின் கால்வாய்கள்மீது 1.6 மெகாவாட் முன்னோட்டம் அமைந்து, 2025இல் முடிந்தது. ஆய்வுக் கட்டுரையில் எழுதியது நான்கு வருடத்தில் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டது.

இனி பணத்தைப் பற்றி. 2021இல் கொடையாளர் மெக்கென்ஸி ஸ்காட், இப்படித்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் 2 கோடி டாலர் கொடுத்தார். ஆனால் ஆராய்ச்சி அன்றாடம் ஓடுவது பெரும்பாலும் மத்திய அரசின் மானியத்தில்தான். அந்த மானியத்தோடு ஆய்வகத்தின் மின்சாரம், பராமரிப்பு, அலுவலகச் செலவு ஆகியவற்றுக்கும் ஒரு விகிதம் சேர்த்துத் தருவது வழக்கம். மெர்செட் 'ஆர்1' ஆன அதே 2025 பிப்ரவரியில், தேசிய சுகாதார நிறுவனம் இந்த விகிதத்தை 15 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம் என்று அறிவித்தது. நீதிமன்றங்கள் தடுத்தன. ஆனாலும் ஆராய்ச்சியை நம்பி வளரும் இளம் பல்கலைக்கழகத்துக்கு அது வயிற்றைக் கலக்கும் செய்திதான்.

இன்னொரு கணக்கும் இடிக்கிறது. 2020க்குள் 10,000 மாணவர்கள் என்று திட்டமிட்டார்கள். பெருந்தொற்று குறுக்கே வந்தது. எண்ணிக்கை 9,000ஐ ஒட்டியே நின்றது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். 875இல் தொடங்கிய இடம் அது. ஆனால் கட்டட ஒப்பந்தம் முடிய 2055 ஆகும். அதுவரை வருடம் தவறாமல் தவணை கட்டியாக வேண்டும். மாணவர் சேர்க்கை அதற்கு ஈடுகொடுக்குமா என்பதுதான் இந்தத் திட்டத்துக்கு இனி இருக்கும் உண்மையான தேர்வு.