தரைக்கு அடியில் உள்ள தரை

வீட்டுக்குப் புதுத் தளம் போட எண்ணும் அங்கத்தினர் பலர், முதலில் கடைக்குச் சென்று கல்லின் நிறத்தையும் பூவேலையையும் பார்க்கின்றனர். ஆத்தங்குடிக் கல்லாயினும் பளபளக்கும் டைல்ஸ் ஆயினும், அதன் ஆயுளை நிர்ணயிப்பது அடியில் உள்ள மண்ணே.

சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதால் நம் ஊர்களில் பல வீடுகள் பள்ளமாகிவிட்டன. மழைநீர் புகாதிருக்க, ஓரடி ஒன்றரையடி மண் கொட்டித் தரையை உயர்த்துகிறோம். கேடு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே நாளில் மண்ணைக் கொட்டி, மேலே கலவை பரப்பி, கல்லைப் பதித்துவிடுகின்றனர். இடிக்காத மண் மழைக்காலங்களில் மெல்ல அமர்கிறது. கல் மாத்திரம் அந்தரத்தில் நிற்கிறது. நெல் மூட்டை அடுக்கிய மூலையில் முதல் விரிசல் காண்கிறது. ஆகவே, மண்ணை அரையடி கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்கை இடவேண்டும். மணலாயின் நிறைய நீர் விட்டு அமரச் செய்யலாம். களி கலந்த மண்ணுக்கு ஈரம் போதும்; மிகுந்தால் சேறாகும். கரிசல் மண்ணை நிரப்பவே கூடாது. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் அதன் குணத்தைக் கோவில்பட்டிப் பக்கத்து விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஓதம். நிலத்து ஈரம் மேலேறினால் சிமெண்டுக் கல்லில் உப்புப் பூக்கும். தரையில் வைத்த நூல் கட்டு பூசணம் பிடிக்கும். விதை நெல்லும் கெடும். இடித்த மண்ணின் மேல் கனத்த பாலிதீன் விரிப்பை, ஓரங்கள் அரையடி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு விரித்து, அதன்மேல் சிமெண்டு 1, மணல் 4, ஜல்லி 8 என்ற விகிதத்தில் 4 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் இடுதல் நலம். விரிப்பின் செலவு அற்பம். கல்லைப் பெயர்த்துப் போடும் செலவு அப்படியன்று.

பழைய சிமெண்டுத் தரையின் மேலேயே கல் பதிப்போரும் உண்டு. அவர்கள் முதலில் தரை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைப் பெயர்த்துப் பூசவேண்டும். ஒன்றரையடிச் சதுரப் பாலிதீன் தாளை நாற்புறமும் ஒட்டி ஒரு நாள் விட்டால், அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருப்பது ஓதத்தைக் காட்டிக் கொடுக்கும். இதனை மழைக்காலத்தில் செய்வதே பயன்தரும்; சித்திரை வெயிலில் எந்தத் தரையும் காய்ந்தே தோன்றும். வழவழப்பான பரப்பைக் கொத்திவிட்டாலன்றிக் கலவை பிடிக்காது. தரை இரண்டு அங்குலம் உயர்ந்தால் கதவு திறக்குமா என்பதையும் முன்னரே அளந்துகொள்ள வேண்டும்.

குழித்தறி உள்ள வீட்டில் இன்னொரு விஷயம். குழியின் இடமும் தறிக்கால்களின் இடமும் தளத்துக்கு முன்பே முடிவாக வேண்டும். குழியின் சுவரைச் செங்கல்லால் கட்டி எழுப்பிய பிறகே சுற்றிலும் மண்ணை இடிக்க வேண்டும். இல்லையேல் ஓரம் சரியும். தறியறை முழுவதும் டைல்ஸ் பதிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. பருத்திப் பாவுக்குச் சிறிது ஈரக்காற்று வேண்டும். வறண்டால் இழை அறும். அங்கே மண்தரையே இருக்கட்டும்.

கான்கிரீட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஏழு நாளாவது நீர் தேக்கி வைத்தல் அவசியம். மறுநாளே கல் பதிக்கக் கொத்தனார் வந்து நின்றால், அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம்.