மூங்கில் பரிசலா, ஃபைபர் பரிசலா?

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன், இன்றைக்குப் பரிசலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையோர ஊர்களில் நிலமும் நீரும் மாறி மாறித்தான் சோறு போடுகின்றன. தண்ணீர் இறங்கினால் வெளியே தெரியும் நிலத்தில் பயிர் வைக்கிறீர்கள். ஏறினால், உரிமம் பெற்ற குடும்பங்கள் பரிசலில் போய் வலை விடுகின்றன. பயிர்க் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் கேட்கும் கேள்வி இது:

"ஏனுங்க சார், மூங்கில் பரிசலுக்கு வருஷா வருஷம் தண்டம் அழுவுறதைவிட, கடனை உடனை வாங்கி ஒரு ஃபைபர் பரிசல் எடுத்துட்டா என்னங்க?"

நல்ல கேள்விதான். ஆனால் விலையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

முதலில், பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது என்று பார்ப்போம். அடிப்பாகம் 6 அடி அகலமுள்ள ஒரு பரிசலில் சுமார் 25 கிலோ ஏற்றினால், அது ஒரு சென்டிமீட்டர்தான் தண்ணீரில் இறங்கும். இரண்டு ஆள், வலை, மீன் எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், அது இறங்குவது 8 சென்டிமீட்டர். அதாவது அரைச் சாண்கூட இல்லை. அதனால்தான் பாறை மேலும், மூழ்கிய மரக்கட்டை மேலும் பரிசல் வழுக்கிக்கொண்டு போகிறது. நீண்ட பலகைப் படகுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் வட்டமாக இருப்பதால் காற்றடித்தால் சுற்றும், ஒதுங்கும். இந்தக் குணம் மூங்கில் பரிசலுக்கும் ஃபைபர் பரிசலுக்கும் பொதுவானது.

இனி வேறுபாடுகளுக்கு வருவோம்.

மூங்கில் பரிசல் வளைந்து கொடுக்கும். கல்லில் மோதினால் கொஞ்சம் நெளிந்து தப்பித்துக்கொள்ளும். கிழிந்தால் ஒரு துண்டுச் சாக்கும் கொஞ்சம் தாரும் போதும், நீங்களே ஒட்டிவிடலாம். குறை என்னவென்றால் ஆயுள் குறைவு. வருடத்துக்கு வருடம் தார் பூசிக் காத்தாலும் ஒன்றிரண்டு ஆண்டில் ஓய்ந்துவிடும். இதைக் கொஞ்சம் நீட்டிக்க வழி உண்டு. இளம் மூங்கிலில் மாவுச்சத்து அதிகம். அதைத் தின்ன வரும் வண்டுதான் மூங்கிலை உளுக்க வைக்கிறது. ஆகவே மூன்று வயதுக்கு மேற்பட்ட, முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டியதைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திய பிறகு பின்னச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பரிசலைக் கவிழ்த்து வைத்தால் ஈரம் தங்காது.

ஃபைபர் பரிசல் ஒழுகாது, உளுக்காது, பல ஆண்டு உழைக்கும். ஆனால் கூரான பாறையில் பலமாக மோதினால் வெடித்துவிடும். சாக்கும் தாரும் அங்கே பலிக்காது. வெடித்த இடத்தை நன்றாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்து ஒட்ட வேண்டும். தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கண்ணிலும் தூசு படக்கூடாது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு வெளிறி, உள்ளே இருக்கும் இழை தெரிய ஆரம்பிக்கும். ஆகவே இதையும் கவிழ்த்து, நிழலில்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அதை நான் ஒரு விபத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதம். அண்ணன் தம்பி இரண்டு பேர் புதிதாக வாங்கிய ஃபைபர் பரிசலில் வலை எடுக்கப் போனார்கள். வலை கட்டையில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று எழும்பி அலை உள்ளே ஏறியது. பரிசல் நிறைந்து, கண் எதிரிலேயே மூழ்கிப் போனது. வலைக்கு அடையாளமாகக் கட்டியிருந்த காலி கேனைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தார்கள். அதே மாலை, கொஞ்ச தூரத்தில் ஒரு மூங்கில் பரிசலும் நிறைந்தது. அது மூழ்கவில்லை. விளிம்பு வரை தண்ணீரோடு மிதந்தது. அதில் வந்தவர்கள் அதைப் பிடித்தபடியே கரை சேர்ந்தார்கள்.

பரிசல் போய்விட்டது. அதற்கு வாங்கிய கடன் மட்டும் நின்றது. "நாங்க ஏமாந்துட்டமுங்க சார், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சுங்க" என்றார் அண்ணன்காரர். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் பரிசலைக் கரையில் நான்கூடத் தட்டிப் பார்த்து, நல்ல உறுதி என்று சொன்னவன்தான்.

காரணம் எளிது. மூங்கில் தண்ணீரைவிட லேசு, நிறைந்தாலும் மிதக்கும். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பொருள் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். உள்ளே காற்று இருக்கும் வரைதான் அது மிதக்கும். தண்ணீர் நிறைந்தால் கல்லைப் போல இறங்கிவிடும்.

இதற்கு வழி உண்டு. ஃபைபர் பரிசல் 40 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் கனம் 13, 14 கிலோ அளவுதான். காற்று மட்டும் உள்ள ஒரு 20 லிட்டர் கேன் ஏறக்குறைய 19 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். இரண்டு கேன்களை, மூடியில் தண்ணீர் புகாதபடி நன்றாக அடைத்து, உள்பக்கம் விளிம்புக்குக் கீழே எதிரெதிராக நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பரிசல் நிறைந்தாலும் மூழ்காது. கழுத்தளவு நீரில் இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். மேலே ஏறி உட்காரத்தான் முடியாது. சில பரிசல்களில் காற்றறையோ நுரைக்கட்டியோ வைத்தே செய்கிறார்கள். அப்படிச் சொல்லி விற்றால், பணம் கொடுக்கும் முன் இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, நிறைய மொண்டு ஊற்றிப் பாருங்கள். மிதந்தால் வாங்குங்கள். மூழ்கினால் கேன் கட்டாமல் ஓட்டாதீர்கள்.

கைபேசியில் பார்த்துவிட்டு, காலால் மிதித்து ஓட்டும் படகு வாங்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கை இரண்டும் ஓய்வாக இருப்பதால், ஆழமான நீரில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் அதைத் தள்ளும் துடுப்போ விசிறியோ அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். வலையும் கட்டையும் உள்ள இடத்தில் முதலில் மாட்டுவது அதுதான். ஒரு தாயார் சொன்னதுபோல, "அவரு வலை இழுப்பாருங்க, நான் துடுப்புப் போடுவனுங்க". உங்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

ஆக, எதை வாங்குவது? நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் பழைய நந்தி சிலை வெளியே தெரியும் காலத்தில், பரிசலைச் சேற்றில் வெகுதூரம் சுமக்க வேண்டிவரும். ஆகவே இரண்டையும் தூக்கிப் பார்த்து எடை தெரிந்துகொள்ளுங்கள். கல்லும் கட்டையும் நிறைந்த இடத்தில் வலை விடுகிறவர்களுக்கும், வருடத்தில் சில மாதம் மட்டும் போகிறவர்களுக்கும், பின்னுகிற கைவினைஞர் பக்கத்தில் இருந்தால், மூங்கில் போதும். ஆண்டு முழுவதும் வலை விட்டே பிழைக்கிறவர்களுக்கு ஃபைபர் கட்டுப்படியாகும். விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து, மூங்கிலுக்கு ஆண்டுதோறும் செய்யும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு கடனுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்தப் பரிசலானாலும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பரிசலின் மூலையில் சுருட்டி வைக்க அது வாங்கப்படவில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். வலை மாட்டிக்கொண்டு, காற்றும் எழும்பினால் வலையை அறுத்துவிட்டு வாருங்கள். வலையை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.