பழைய மகிழுந்தில் ஆல்டர்னேட்டர்: பொருத்தினால் மட்டும் போதுமா?

1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மோரிஸ் மைனர் மகிழுந்தை இன்றும் நம் நாட்டில் பேணிக் காப்போர் உண்டு. ஆனால், இரவு மழையில் சாலை நெரிசலில் அதனை எடுத்துச் செல்லப் பலர் தயங்குவர். அதற்கு முக்கியக் காரணம் டைனமோ. எங்கள் வீட்டு மோரிஸ் மைனரில் டைனமோவை அகற்றி ஆல்டர்னேட்டரை இணைத்தபோது நான் பின்பற்றிய முறையை இங்கே விளக்குகிறேன்.

ஏன் மாற்ற வேண்டும்?

மோரிஸ் மைனர் 1000-இன் டைனமோ தரக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர். அதுவும் இயந்திரம் வேகமாகச் சுழலும்போதுதான். சமிக்ஞை விளக்கில் வண்டி நிற்கும்போது அது ஏறக்குறைய எதையும் தராது. இரண்டு 45 வாட் முகப்பு விளக்குகளே 7.5 ஆம்பியர் கேட்கும். மழைத் துடைப்பானும் சேர்ந்தால் சுமை முழுவதும் மின்கலத்தின் மீது விழும்.

டைனமோவில் மின்சாரம் சுழலும் பகுதியில் உருவாகிக் கார்பன் தூரிகைகள் வழியாக வெளியேறுகிறது. ஆல்டர்னேட்டரிலோ அசையாத சுருளில் உருவாகிறது. ஆகவே, அதைச் சிறிய கப்பியால் அதிவேகமாகச் சுழற்றலாம். வண்டி நிற்கும்போதும் மின்னேற்றம் நடைபெறும்.

முதலில் முனை மாற்றம்

மோரிஸ் மைனரில் மின்கலத்தின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு எதிர்முனையே உடலோடு இணைய வேண்டும். இதை மாற்றாமல் இணைத்தால் அதனுள் உள்ள டயோடுகள் நொடியில் கருகிவிடும். மின்கலத்தைத் திருப்பி இணைத்த பின், எரியூட்டுச் சுருளின் இரு மெல்லிய வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். விளக்குகளுக்கும் ஸ்டார்ட்டருக்கும் இதனால் பாதிப்பில்லை. பழைய வானொலி இருந்தால் முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

வயரே உயிர்

சிலர் பழைய டைனமோ வயரிலேயே 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை இணைத்துவிடுகின்றனர். இதுவே பேராபத்து. மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். நூல் சுற்றிய பழைய வயர் அதைத் தாங்காது, தீப்பற்றலாம்.

ஆகவே, ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சோலனாய்டின் மின்கல முனைக்கு 8.5 சதுர மில்லிமீட்டர் புதிய வயரை நேராக இழுத்தேன். சோலனாய்டுக்கு அருகில் 60 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் வைத்தேன். வயர் எங்காவது உரசி உடலைத் தொட்டால் மின்கலத்திலிருந்து பாயும் பெரு மின்னோட்டத்தை அது தடுக்கும்.

மின்னழுத்தச் சீராக்கி ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருப்பதால் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வேலையில்லை. அதன் ‘ஏ’, ‘ஏ1’ முனைகளிலிருந்த வயர்களை ஒன்றாக இணைத்தேன். ‘டி’ முனையிலிருந்த எச்சரிக்கை விளக்கின் வயரை மட்டும் பிரித்து, ஆல்டர்னேட்டரின் சிறு முனைக்குக் கொண்டு சென்றேன். இந்தச் சிறு விளக்கின் வழியே செல்லும் மின்னோட்டமே ஆல்டர்னேட்டரின் காந்தப் புலத்தைத் தூண்டுகிறது. எனவே, விளக்கு பழுதானால் மின்னேற்றமே தொடங்காமல் போகலாம்.

சோதனை

இயந்திரம் ஓடும்போது மின்கல முனைகளில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்க வேண்டும். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ஆல்டர்னேட்டருக்கும் மின்கலத்துக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை என்று பொருள். இயந்திரம் ஓடும்போது மட்டும் மின்கல வயரைக் கழற்றவே கூடாது. எழும் மின்னழுத்தம் டயோடுகளை அழித்துவிடும்.

புதிய கருவியின் ஆற்றல் பெருகும்போது, அதைச் சுமக்கும் வழியும் அகல வேண்டும். ஆல்டர்னேட்டரின் விலையை மட்டும் விசாரிக்காமல், பட்டறைக்காரரிடம் எந்த அளவு வயர் போடுகிறீர்கள், ஃபியூஸ் எங்கே என்றும் கேளுங்கள். அந்த இரு கேள்விகள் உங்கள் வண்டியையும், அதில் பயணம் செய்வோரையும் காக்கும்.