சந்தைக்குப் போன கட்டுரை

சுன்னாகம் என்றதும் சந்தையை நினைப்பவரே பலர். முதியோர் சிலருக்கு மட்டும் ‘ஈழகேசரி’யும் உடன் நினைவுக்கு வரும். 1930 ஆம் ஆண்டிலே நா. பொன்னையா அவர்கள் தொடங்கி, 1958 வரை நடந்த பத்திரிகை அது. சுன்னாகத்திலே அச்சாகிய அப்பத்திரிகையில், மாணவரும் இளைஞரும் எழுதிப் பழகுவதற்கென்றே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னாளிலே பேர் பெற்ற நம் எழுத்தாளர் சிலர் இளமையில் எழுதிப் பழகிய இடம் அது. ‘செயலமர்வு’ என்ற சொல் அக்காலத்தில் வழங்கவில்லை. காரியம் மட்டும் ஒழுங்காக நடந்தது.

அண்மையில் வலிகாமத்துப் பாடசாலையொன்றிலே அத்தகைய செயலமர்வு ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆக்க எழுத்தையும் ஊடகத் தொழிலையும் மாணவர்க்கு அறிமுகஞ் செய்வது அதன் நோக்கம். அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகள். பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர் முப்பது பேர் வரையில். நடத்த வந்தவர் பத்திரிகைத் துறையிலே நரைத்துப்போன ஒருவர்.

வந்தவர் வாழ்த்துரை, விளக்கவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. “எங்கள் ஊர்ச் சந்தை என்று ஒரு பக்கம் எழுதுங்கள்” என்றார். அரை மணி நேரத்திலே முப்பது கொப்பிகளும் நிறைந்தன. வாசித்துப் பார்த்தால், பதினெட்டுக் கொப்பிகளிலே கதிரவன் கீழ்வானில் எழுந்தான். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மக்கள் வெள்ளம் அலைமோதியது. ஒன்றிலாவது ஒரு வெங்காயத்தைக் காணோம்! பிள்ளைகளைக் குறை சொல்வது தகாது. பரீட்சைக்கென மனனஞ் செய்த வசனங்களுக்கே நாம் இதுவரை புள்ளி வழங்கி வந்திருக்கிறோம். மனனத்திலே பிழை நேராது. நேரிலே கண்டு எழுதினால் பிழை நேரலாம். புள்ளியை எண்ணும் பிள்ளை எதைத் தெரிவு செய்யும்?

அவர் ஒருவரையும் கண்டிக்கவில்லை. ஆசிரியர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எல்லாரையும் சந்தைக்கே நடத்திச் சென்றார். ஆளுக்கு ஒரு வியாபாரி, மூன்று கேள்விகள். பொருள் எங்கிருந்து வந்தது? காலை விலை என்ன, மதிய விலை என்ன? விற்காமல் எஞ்சுவது எங்கே போகிறது? “வாங்க வந்தனீங்களோ, விலை கேக்க வந்தனீங்களோ?” என்று ஓர் ஆச்சி அதட்டியதும் பையன்மார் இருவர் பின்வாங்கி நின்றனர். கேள்வி கேட்பதற்கு வெட்கப்படுபவன் நிருபனாக முடியாது என்பதை, எந்த விரிவுரையையும்விட அந்த ஆச்சியின் அதட்டல் அவர்களுக்கு நன்கு உணர்த்தியது.

திரும்பி வந்து எழுதியவற்றுள் ஒரு மாணவியின் கட்டுரை என் மனத்தை விட்டு அகலவில்லை. சின்ன வெங்காயம் விற்கும் முதியவள் ஒருத்தி கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக எஞ்சியதை அரை விலைக்குத் தள்ளிவிடுகிறாள். ஈரம் பட்டால் வெங்காயம் அழுகும் என்று தன் குடையை அதற்குப் பிடித்துத் தான் நனைகிறாள். கட்டுரையின் அடியிலே, “இவர் என் அம்மம்மா” என்று எழுதி, பின் அதைக் கறுப்பு மையால் முற்றாக அடித்திருந்தாள். அவர் அந்தக் கறையைச் சுட்டி, “அடித்ததை ஏன் அடித்தீர் என்று கேட்கமாட்டேன், பிள்ளை. விடுவதும் எடுப்பதும் எழுதினவர் உரிமை. அடுத்த சனிக்கிழமை முடிவைச் சொல்லும்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை தொழிலைப் பற்றிய பேச்சு. பத்திரிகை என்றால் நிருபரும் ஆசிரியரும் மாத்திரம் அல்லர். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் அறிக்கைகளைத் தமிழாக்குவோர், ஒப்புநோக்குவோர், பக்கம் அமைப்போர், படம் பிடிப்போர் எனப் பலர் உளர். வானொலிக்கு எழுதுவது காதுக்கு எழுதுவது என்பதால், ஒவ்வொருவரையும் தம் கட்டுரையை உரக்க வாசிக்கச் செய்தார். மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் வசனம் இரண்டாக வெட்டுண்டது. க.பொ.த. உயர்தரத்திலே தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கை உண்டு. கொழும்பிலே 2004 இல் தொடங்கப்பெற்ற இலங்கை இதழியல் கல்லூரியும் இருக்கிறது. இவற்றையெல்லாம் அவர் விரைவாகவே சொல்லி முடித்தார்.

பெற்றோர் சிலரும் வந்திருந்தனர். அவருள் ஒரு தாயார் எழுந்து, “இதிலே சோறு கிடைக்குமோ, ஐயா? கிடைச்சாலும் பிள்ளை உயிரோடை வீட்டுக்கு வருமோ?” என்று கேட்டார். மண்டபம் அடங்கிவிட்டது. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்திலே தம் வீட்டில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்ட நிருபர் மயில்வாகனம் நிமலராஜனை மறந்தவர் அங்கே யார்? அவர் மழுப்பவில்லை. பிரதேச நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, பிரசுரமாகும் செய்திக்கே பணம் என்றார். நிமலராஜனின் பெயரையும் தாமே சொன்னார். “பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அம்மா. வேறொரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டும் எழுதலாம், நானும் பல காலம் அப்படித்தான் எழுதினேன்” என்றார். தாயார் அமர்ந்தார்; முகம் தெளிந்ததாகச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், செயலமர்வு என்ற பெயரிலே கனவை மாத்திரம் விற்றுவிட்டுப் போவோரைவிட இவர் செய்தது நேர்மையான காரியம்.

மாலையில், தெரிந்தெடுத்த ஆக்கங்களைக் கொண்டு நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றைப் பாடசாலைப் பொறியிலேயே நாற்பது பிரதிகள் எடுத்தனர். முதற் பக்கத்திலே வெங்காயக் கட்டுரை இருந்தது. “இவர் என் அம்மம்மா” என்ற வசனம் இப்போது அடியிலே இல்லை. முதல் வரியாக ஏறியிருந்தது. ஆனால், தலைப்பிலே ‘வெங்காயம்’ என்பது ‘வெங்கயம்’ என்று அச்சாகிவிட்டது. அதனைக் கண்டுபிடித்தவளும் அவளே. அதிபர் பரவாயில்லை என்றார், அவள் கேட்கவில்லை. தோழியர் இருவரோடு வாங்கில் அமர்ந்து, நாற்பது பிரதிகளிலும் பேனாவினாலே ஒவ்வோர் அரவாக இட்டு முடித்த பின்னரே வீட்டுக்குப் புறப்பட்டாள்.