கொல்லிமலைக்குப் போர்வை எதற்கு?

ஆடி மாதம். கொல்லிமலையிலே வல்வில் ஓரி விழா. நாமக்கல்லில் இருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், பாட்டி. இரவு மலையிலே தங்கல்.

"போர்வையை எடுத்து வை" என்கிறார், பாட்டி.

"போ பாட்டி! நாமக்கல்லில் 35 டிகிரி வெயில் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. போர்வை எதற்கு?" என்று சிரிக்கிறான், பேரன். அவன் எட்டாம் வகுப்பு படிக்கிறவன்.

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து பஸ் ஏறுகிறது. வளைவுக்கு மேல் வளைவு. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பாதி வளைவு தாண்டும்போதே, ஜன்னல் காற்று சில்லென்று அடிக்கிறது. இரவு ஆயிற்று. மூடுபனி சூழ்ந்தது. பேரன் எங்கே? பாட்டியின் போர்வைக்குள்!

அப்படியானால் பேப்பரில் வந்தது பொய்யா?

பொய் அல்ல. அது நாமக்கல்லின் கணக்கு. மலையின் கணக்கு வேறு. அதுவும் பகல் வெயிலின் கணக்கு. அதன் பக்கத்திலேயே இரவின் குறைந்த வெப்பம் என்று இன்னொரு எண் போட்டிருப்பார்கள். பையன் அதைப் பார்க்கவில்லை!

ஆயிரம் அடிக்கு 2 டிகிரி

"மலைமேல் ஏறினால் சூரியனுக்குக் கிட்டத்தில்தானே போகிறோம்? வெயில் கூடத்தானே வேண்டும்?" என்று குழந்தைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான்.

சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோ மீட்டர் தொலைவில். மலையின் உயரம் அதற்கு முன்னே ஒரு தூசி. வெயில் முதலில் தரையைச் சுடுகிறது. சுட்ட தரை, தன்னைத் தொட்ட காற்றைச் சுடுகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே போகப்போக அதை அழுத்தும் பாரம் குறைகிறது. காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்ந்து போகும்.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறதல்லவா? அழுத்தினால் சூடு. விரிந்தால் குளிர்ச்சி. இவ்வளவுதான் சங்கதி.

பொதுவாக 1,000 அடி ஏறினால் 2 டிகிரி குறையும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையின் ஊர்கள் பல, நாமக்கல்லைவிட ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கின்றன. 3,000 அடிக்கு 6 டிகிரி. நாமக்கல்லில் இரவு 24 டிகிரி என்றால், மலையில் சுமார் 18 டிகிரி. அதோடு காற்றும் ஈரமும் சேர்ந்தால், இன்னும் குளிரும். பாட்டிக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அனுபவம் தெரியும்!

தண்ணீர் உறையும் உயரம்

இப்படியே ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஓர் உயரத்தில் வெப்பம் பூஜ்ய டிகிரிக்கு வந்துவிடும். தண்ணீர் உறையும் குளிர் அது. அந்த உயரத்தை "உறைநிலை மட்டம்" என்று சொல்லலாம்.

கடற்கரையில் 32 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் கழியுங்கள். எங்கே பூஜ்யம் வருகிறது? 16,000 அடியில்! தமிழ்நாட்டின் வானத்தில் உறைநிலை மட்டம் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே சுமார் 8,650 அடிதான். ஆகவே நம் மலைகளில் வெண்பனி மழை பொழிவதில்லை.

ஆனால் இடி மேகம் 16,000 அடிக்கும் மேலே வளரும். அதன் உச்சியில் பனிக்கட்டி உண்டு. நம் தலையில் விழும் கோடை மழைத் துளிகளில் பல, மேலே பனியாகப் பிறந்து, வரும் வழியில் உருகியவைதான்! உருக நேரம் இல்லாமல் விழும் பெரிய கட்டிதான் ஆலங்கட்டி.

காஷ்மீரில் உள்ள குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாட்டு பிரசித்தம். அங்கே குளிர்காலத்தில் உறைநிலை மட்டம் கீழே இறங்கிவிடும். எவ்வளவு இறங்குகிறது என்பது நாளுக்கு நாள் மாறும். விழும் பனி, அந்த மட்டத்துக்குக் கீழே சுமார் 1,000 அடிக்குள் உருகி மழையாகிவிடும்.

குல்மார்க் சுமார் 8,700 அடி உயரம். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கும் வண்டி, 12,000 அடிக்கும் மேலே ஏறுகிறது. உறைநிலை மட்டம் 10,000 அடி என்றால் என்ன பொருள்? உச்சியில் பனி பொழியும். ஊரில் மழை கொட்டும்! ஒரே மலை, ஒரே மேகம். மழையில் நனைந்த பனி, இரவில் கண்ணாடிபோல் இறுகிவிடும். சறுக்கினால் எலும்பு முறியும். ஆகவேதான் சறுக்கப் போகிறவர்கள், "பனி உண்டா?" என்று மட்டும் கேட்பதில்லை. "எந்த உயரத்தில்?" என்றும் கேட்கிறார்கள்.

ஊட்டிப் புல்லில் உறைபனி

"ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெள்ளையாகிறதே?" என்று கேட்கலாம். அது வானத்தில் இருந்து விழுவது அல்ல. தரையிலே உண்டாவது.

மேகமும் காற்றும் இல்லாத இரவில், தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். புல்லைத் தொட்ட ஈரம் அப்படியே உறைந்துவிடும். வெப்பத்தை அளக்கும் கருவியோ, தரைக்கு மேலே சுமார் 4 அடி உயரத்தில் ஒரு மரக்கூண்டில் இருக்கிறது. கருவி 3 டிகிரி காட்டும். புல் உறைந்து கிடக்கும்! குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் போல் பள்ளத்துக்கு ஓடும். அதனால் மேட்டுத் தேயிலை தப்பிக்கும். பள்ளத்துத் தேயிலை கருகும்.

"ஓரிரு இடங்களில்" என்றால்?

கொல்லிமலையில் பயப்பட வேண்டியது உறைபனிக்கு அல்ல. மழைக்கு.

"ஓரிரு இடங்களில் கனமழை பெய்யலாம்" என்று வானிலை நிலையம் அறிவிக்கிறது. "ஓரிரு இடம்தானே!" என்று அலட்சியம் செய்கிறோம். இந்தச் சொற்களுக்கு அளவு உண்டு.

மழை அளக்கும் இடங்கள் நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 25 வரை பெய்தால் "ஓரிரு இடங்கள்". 50 வரை "சில இடங்கள்". 75 வரை "பல இடங்கள்". அதற்கு மேல் "பெரும்பாலான இடங்கள்".

ஒரே நாளில் 7 முதல் 11 சென்டி மீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள சிறு இடத்தில் 7 சென்டி மீட்டர் மழை என்றால், 70 லிட்டர் தண்ணீர். ஏறத்தாழ 5 குடம்! ஒரு மலை முழுவதும் அப்படிக் கொட்டினால்?

மலை இருக்கும் மாவட்டத்தில் அந்த "ஓரிரு இடம்", மலையாகவே இருக்கக்கூடும். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் மழை. நாமக்கல்லில் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டுவது இதனால்தான்.

மேலே மழை, கீழே வெள்ளம்

அறப்பளீசுவரர் கோவிலுக்குப் பக்கத்தில் ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போக வேண்டும். மேலே எங்கோ பெய்த மழை, ஓடைகளில் திரண்டு, திடீரென்று அருவியில் வந்து விழும். குளிப்பவர் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்! தண்ணீர் கலங்கினாலும், இரைச்சல் கூடினாலும் உடனே கரையேறிவிட வேண்டும். வெள்ளம் வரும்போது வனத்துறையினர் குளிக்கத் தடை போடுகிறார்கள். அது நம் உயிருக்காகப் போடும் தடை.

அருவித் தண்ணீர் ஐயாறாக ஓடி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது. புளியஞ்சோலையில் குளிக்கிறவர் திருச்சி அறிவிப்பை மட்டும் பார்த்தால் போதாது. நாமக்கல் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது!

புறப்படும் முன்

வானிலை எச்சரிக்கைக்கு நான்கு நிறங்கள் உண்டு. பச்சை: எச்சரிக்கை இல்லை. மஞ்சள்: கவனமாக இருங்கள். ஆரஞ்சு: தயாராக இருங்கள். சிவப்பு: உடனே பாதுகாப்பைத் தேடுங்கள். ஆரஞ்சோ சிவப்போ வந்தால், மலைப்பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். அருவி எங்கேயும் ஓடிவிடாது.

கோடையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே காலையிலேயே ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். மூடுபனி என்பது தரையைத் தொட்ட மேகம். எதிரே வரும் வண்டி தெரியாது. அந்த நேரத்தில் 70 வளைவுகளில் அவசரம் கூடாது.

பேப்பரில் எண்ணைப் பாருங்கள். அது எந்த ஊரின் எண், நீங்கள் போகும் இடம் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். ஆயிரம் அடிக்கு 2 டிகிரி கழியுங்கள்.

கணக்குப் போட நேரம் இல்லையா? பாட்டி சொன்னபடி போர்வையை எடுத்து வையுங்கள்!