ஏட்டுக்கல்வியும் மேடைக்கல்வியும்

நுழையும்முன்

நாடகம் பயில விரும்பிய சிறுவன் பள்ளிக்கூடத்தைத் துறக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ, இயற்பியலோ பொருளியலோ பயிலும் மாணவர் நாடகத்தையும் துணைப்பாடமாகக் கற்கப் பல்கலைக்கழகங்கள் வழிசெய்துள்ளன. நாடகக் கல்வி கடந்துவந்த பாதையையும் அது பிற கல்விக்குத் துணைநிற்கும் வகையையும் இப்பாடம் விளக்குகிறது.

இரு பாதைகள்

தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்னும் சிறுவர் நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். பின்னாளில் ‘ஔவை’ சண்முகம் எனப் புகழ்பெற்ற தி. க. சண்முகம், ஆறு வயதில் தம் உடன்பிறந்தோருடன் அக்குழுவில் சேர்ந்தார். பாடலும் உரையாடலும் நடிப்பும் அங்கே ஆசிரியரிடமிருந்து நேரடியாகக் கற்பிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான பாடல்கள் சிறுவர்களுக்கு மனப்பாடமாயின. பயிற்சி ஆழமானது, ஆனால், ஊர் ஊராகச் சென்ற அவ்வாழ்வில் முறையான பள்ளிப்படிப்புக்கு இடமில்லை. நாடகத்தைத் தேர்ந்தவர் ஏட்டுக்கல்வியை விலையாகத் தந்தனர்.

மற்றொரு பாதையை வகுத்தவர் பம்மல் சம்பந்தனார். அவர் இளைஞராக இருந்தபோதே, 1891இல், சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றிய அவர், தொழிலை விடாமலேயே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். கற்றோர் பலர் தத்தம் பணிகளுக்கிடையே ஒத்திகை செய்து மேடையேறினர். எனினும், அவர்களுக்கு அது ஓய்வுநேரக் கலையாகவே அமைந்தது. கல்லூரியில் பயிலும் பாடமாக அது வளர்ந்திருக்கவில்லை.

பல்கலைக்கழக வாயிலில் நாடகம்

நாடகம் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தக்கதா என்னும் வினா மேலைநாடுகளிலும் எழுந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் நாடகம் எழுதும் கலையைக் கற்பித்தார். பின்னாளில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற யூஜின் ஓ நீல் அவ்வகுப்பில் பயின்றவர். ஆயினும், அங்கு நாடகத்துக்கெனத் தனித்துறை அமையவில்லை. பேக்கர் 1925இல் யேல் பல்கலைக்கழகம் சென்று நாடகத் துறையை உருவாக்கினார். அதற்கு முன்பே, 1914இல், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்ப நிறுவனம் நாடகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டு பிரிஸ்டல் பல்கலைக்கழகம் நாடகத் துறையை ஏற்படுத்தியது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு தில்லியில் தேசிய நாடகப் பள்ளி தோன்றியது. அங்குப் பயின்ற சே. இராமானுஜம் முன்னின்று 1977இல் காந்திகிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை, நவீனத் தமிழ் நாடகத்தின் திருப்புமுனைகளுள் ஒன்று. பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகக் கல்வி இடம்பெற்றது. புதுவையில் அமைந்த நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது. பள்ளிப்படிப்புக்கு வெளியே சிறுவர்களைப் பயிற்றுவித்தவரின் பெயர் பல்கலைக்கழகத்திற்குள் நிலைபெற்றது.

துணைப்பாடமாக நாடகம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஒரு துறையை முதன்மைப் பாடமாகக் கொண்டு, மற்றொன்றைத் துணைப்பாடமாகத் தேர்ந்தெடுக்கலாம். நாடகத்தைத் துணைப்பாடமாகக் கொள்பவர் பொதுவாக ஐந்து முதல் ஏழு தாள்கள் வரை பயில்வர். நடிப்பு, நாடக வரலாறு, நாடகப் பனுவல் ஆய்வு, மேடைத் தொழில்நுட்பம் ஆகியவை அவற்றுள் அடங்கும். பல துறைகளில், மேடைக்குப் பின்னால் நின்று பணியாற்றுவதும் பாடத்தின் பகுதியாகும்.

இப்பின்னணிப் பணியே துணைப்பாட மாணவர் பலருக்குப் புதிய உலகைத் திறக்கிறது. மேடை மேலாளர் தம் ஏட்டில், எந்த உரையாடலின்போது எந்த விளக்கு ஒளிர வேண்டும், யார் எப்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும் என ஒவ்வொன்றையும் குறித்துவைப்பார். ஒருவர் நொடிப்பொழுது தவறினாலும் காட்சி குலையும். பச்சை உடையின்மீது சிவப்பு ஒளி விழுந்தால் அது கருமையாகத் தோன்றும். இயற்பியல் வகுப்பில் கற்ற ஒளியியல் இங்கே கண்முன் நிற்கும்.

அறிவியலும் கலையும் மேடையில் இணைவது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என வரையறுக்கிறது. ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல் அளவு. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டதையும் அது கூறுகிறது. கணக்கும் கட்டடக்கலையும் ஒளியமைப்பும் அறிந்தோர் கூடியே மாதவியின் அரங்கம் உருவாயிற்று.

பிற துறைகளில் நாடகம்

நாடகப் பயிற்சி பிற துறைகளிலும் பயன்படுகிறது. 1963இல் அமெரிக்க மருத்துவர் ஹோவர்டு பாரோஸ், நோயாளியைப் போல நடிக்கப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு மருத்துவ மாணவர்களின் திறனைச் சோதித்தார். நோயாளியின் சொற்களைச் செவிமடுத்தல், அவரது அச்சத்தை உணர்தல், கனிவுடன் வினவுதல் ஆகியவற்றை இம்முறையில் உயிருக்கு ஊறின்றிப் பழகலாம். இன்று உலகின் பல மருத்துவக் கல்லூரிகள் இதனைப் பின்பற்றுகின்றன. ஆசிரியருக்கும் வழக்கறிஞருக்கும் குரலைப் பயன்படுத்தும் முறையும் எதிரிலிருப்போரின் மனநிலையை அறியும் திறனும் தேவை. நடிப்புப் பயிற்சி அவ்விரண்டையும் வளர்க்கும்.

அளவும் பயனும்

துணைப்பாடத்திற்கு எல்லைகளும் உண்டு. சில தாள்களைப் பயில்வதால் ஒருவர் தேர்ந்த நடிகராகிவிட இயலாது. சிறுவர் குழுக்களில் பல்லாண்டுகள் பெற்ற பயிற்சிக்கு அது ஈடாகாது. மாலைநேர ஒத்திகைகள் முதன்மைப் பாடத்துக்குரிய நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சமன்செய்யும் பொறுப்பு மாணவரையே சாரும்.

ஆயினும், தனியே எழுதும் தேர்வு கற்பிக்காத ஒன்றை மேடை கற்பிக்கிறது. தன் முறை வரும்வரை காத்திருத்தல், பிறர் சொல்வதை முழுமையாகக் கேட்டல், தன் பிழையால் பிறர் உழைப்பு வீணாகாமல் காத்தல் ஆகியன அவை. அன்று ஒரு சிறுவன் கல்வியா, நாடகமா எனத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இன்று அவ்விரண்டும் ஒரே வளாகத்தில் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இயலும் இசையும் நாடகமும் ஒன்றிய முத்தமிழ் மரபுக்கு இது இயல்பான வளர்ச்சியே ஆகும்.